மருத்துவரின் அறைக்குள் போக வேண்டியவர் யார்?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஆறரை வயதில் முதல் வலிப்பு வந்தது. பெரும்பாலும் விடியற்காலையில், எழுந்திருக்கும் நேரத்தில்தான் வரும். முதலில் வாய் இடது பக்கமாக இழுக்கும், எச்சில் வழியும். பேச்சு வராது, ஆனால் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் கத்தியதும் கூடத்தில் படுத்திருக்கும் மாமனாரும் கணவரும் ஓடி வருவார்கள். அதற்குள் உடம்பு முழுவதும் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிடும். தஞ்சாவூரில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டி ஒன்றரை வருடமாக மாத்திரை கொடுக்கிறோம். காலை மாத்திரையைச் சில நாள் வாந்தி எடுத்துவிடுகிறான். மாதத்தில் ஓரிரு முறை வலிப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. செலவு முழுவதையும் மாமனார்தான் பார்க்கிறார். போன குறுவைப் பணம் அப்படியே ஸ்கேனுக்கும் மருந்துக்கும் போய்விட்டது. நல்ல மனிதர். ஒவ்வொரு முறையும் அவரும் என் கணவரும் பையனை உள்ளே அழைத்துப் போய்க் காட்டுவார்கள், நான் பையை வைத்துக்கொண்டு வெளியில் உட்கார்ந்திருப்பேன். தலைப்பிரசவம் என் தாய்வீட்டில் இருந்தபோது நடந்தது. வலி நீண்டுபோய், குழந்தை பிறந்ததும் அழவில்லை. ஐந்து நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அதனால்தான் இந்த நோய் என்கிறார் மாமியார். அந்த டிஸ்சார்ஜ் அட்டை என் அம்மா வீட்டில் இருக்கிறது. அதை யாரிடமும் காட்ட வேண்டாம் என்கிறார் அம்மா. இப்போது நான் மறுபடியும் ஐந்து மாதம். என் பிரசவம்தான் காரணமா? சென்னையில் பெரிய மருத்துவமனைக்கு மாற்றிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: அம்மா, குழந்தையின் வலிப்பைப் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களுக்கு, மனதைத் தளரவிடாதீர்கள் என்று ஆறுதல் சொல்லித் தொடங்குவது எளிது. அந்த ஆறுதலை உங்களுக்கு உறவிலும் தெருவிலும் பலர் சொல்லியிருப்பார்கள். அதனால் உங்கள் மகனுக்கு ஒரு வலிப்பும் குறைந்ததாகத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்துவது ஒரு வரிதான். மாமனாரின் நல்ல குணத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவர், போகிற போக்கில், பையை வைத்துக்கொண்டு வெளியில் உட்கார்ந்திருப்பேன் என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அதை ஒரு குறையாக எழுதக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை.

ஒன்றரை வருடமாகவா?

வலிப்பு தொடங்கும்போது அந்தப் பிள்ளையின் பக்கத்தில் படுத்திருப்பவர் நீங்கள். வாய் இடது பக்கமாக இழுப்பதையும், பேச நாக்கு எழாமல் அவன் உங்களையே பார்ப்பதையும் கண்டவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். கூடத்திலிருந்து ஓடி வருகிறவர்கள் காண்பது அதன் பிற்பகுதியை மட்டும். அவர்கள் மருத்துவரிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? "உடம்பு முழுக்க வெட்டி இழுக்குதுங்க டாக்டர்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது பொய்யில்லை, அவர்கள் கண்டது அவ்வளவுதான். முழுவதையும் கண்டவர், மாற்றுத்துணியும் பிஸ்கட்டும் தண்ணீர்ப் பாட்டிலும் இருக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு, டோக்கன் எண் கூப்பிடும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

வலிப்பு நோயைப் பார்க்கும் மருத்துவருக்கு உள்ள சங்கடம் உங்களுக்குப் புரிய வேண்டும். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் சொல்லிவிடும். மாதத்தில் ஓரிரு முறை, அதுவும் விடியற்காலையில் சில நிமிடம் வந்து போகும் ஒன்றை அவர் தம் கண்ணால் பார்ப்பது அபூர்வம். தலையில் ஒயர்களை ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. பரிசோதனைகூட, வலிப்பு இல்லாத வேளையில் எடுத்தால், நோய் இருக்கும்போதே பலருக்கு ஒன்றும் இல்லை என்று காட்டிவிடும், ஸ்கேனும் அப்படித்தான். ஆகவே கண்ணால் கண்டவர் சொல்லும் விவரத்தின் மேல்தான் இந்த வைத்தியம் நிற்கிறது. எந்தப் பக்கத்தில் தொடங்கியது, நினைவு இருந்ததா, தூக்கத்திலா விழிப்பிலா, எத்தனை நிமிடம் நீடித்தது, முடிந்தபின் பேச்சு எப்போது திரும்பியது என்பவற்றை வைத்தே, இது மூளையின் ஓரிடத்தில் தொடங்கிப் பரவும் வலிப்பா, தொடக்கத்திலேயே இரு பக்கத்தையும் பிடிக்கும் வலிப்பா என்று அவர் பிரிக்கிறார். இரண்டுக்கும் எப்போதும் ஒரே மருந்து பொருந்தாது. ஓரிடத்தில் தொடங்கும் வலிப்புக்கு நன்றாகக் கேட்கிற கார்பமசெபின், வேறு சில வகை வலிப்புகளை அதிகமாக்கிவிடும் என்பது மருத்துவர்கள் எல்லோரும் அறிந்தது.

இன்னும் ஒன்று. தூக்கத்திலோ விழிக்கும் தறுவாயிலோ, முகத்தின் ஒரு பக்கத்தில் தொடங்கி, எச்சில் வழிந்து, நினைவு இருந்தும் பேச்சு வராமல் போகும் ஒரு வகை, பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் காணப்படுகிறது. ரோலாண்டிக் வலிப்பு என்று அதற்குப் பெயர். அந்த வகை உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு, பதினாறு வயதுக்குள் அது தானாகவே நின்றுவிடுகிறது. உங்கள் மகனுக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்குத் தகுதியும் கிடையாது. அதுவாக இருக்குமோ என்று மருத்துவர் நினைத்துப் பார்க்க வேண்டுமானால், அவனைத் தூங்கவைத்து இ.இ.ஜி. எடுக்கச் சொல்ல அவருக்குத் தோன்ற வேண்டுமானால், நீங்கள் எனக்கு எழுதிய அந்த இரண்டு வரி அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் தெரியாத எனக்கு எழுதத் தோன்றிய விவரத்தைப் பத்தடி தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் சொல்லத் தோன்றவில்லையே!

வாந்தி விஷயத்துக்கு வருகிறேன். மருந்தை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்டிருப்பார். ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று உங்கள் மாமனார் நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருப்பார், ஏனென்றால் வாங்கிக் கொடுத்தவர் அவர். காலையில் பள்ளி வேனுக்கு ஓடும் அவசரத்தில் பிள்ளை கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தது அவருக்குத் தெரியாது. மாத்திரை உள்ளே தங்கவே இல்லை என்பதை அறியாத மருத்துவர், மருந்து கேட்கவில்லை என்று முடிவு செய்து அளவைக் கூட்டியிருக்கலாம், இரண்டாவது மருந்தைச் சேர்த்திருக்கலாம். இந்த நோயில் 100 பேரில் 70 பேர் வரை சரியான மருந்து சரியாக உள்ளே போனால் வலிப்பே இல்லாமல் இருக்க முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் மகனுக்கு மருந்து கேட்கவில்லையா, அல்லது மருந்து அவனுக்குள் போகவே இல்லையா என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். வாந்தியானால் திரும்பக் கொடுக்க வேண்டுமா, சிரப்பாக மாற்றலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் வெளியில் இருந்ததால், உள்ளே பேசப்பட்டதும் உங்களிடம் வந்து சேரவில்லை. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் துணியோ கரண்டியோ திணிக்கக் கூடாது, கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துப் பயனில்லை, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதெல்லாம் மருத்துவர் சொல்லியிருக்கக்கூடியவை. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பதும், குளத்திலோ வாய்க்காலிலோ அவனைத் தனியாகக் குளிக்க விடக் கூடாது என்பதும் அப்படித்தான். மேட்டூர் திறந்து உங்கள் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியாது. அவன் பின்னால் படித்துறைக்கு ஓடப்போகிறவர் மாமனாரா, நீங்களா?

இது மரியாதை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பெரியவர் பேசும் இடத்தில் மருமகள் வாய் திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டிருப்பீர்கள். நான் கூட்டுக் குடும்பத்தைக் குறை சொல்கிறவள் இல்லை. விளைந்த நெல்லை விற்ற பணத்தை அப்படியே பேரனுக்குக் கொட்டிக் கொடுக்கும் தாத்தா எத்தனை வீட்டில் இருக்கிறார்? அந்த மனிதருக்கு நீங்கள் வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டவர். ஆனால் அவருக்கு அடங்கி நடப்பதாக எண்ணி, அவர் பணமும் அலைச்சலும் பாதி வீணாகப் போக நீங்கள் காரணமாகிவிட்டீர்கள். வைத்தீஸ்வரன் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டால் வீட்டார் எல்லோரும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். குருக்களிடம் சொல்லும் அந்தக் குரலை மருத்துவரிடம் மட்டும் ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்? தாய்க்கு அந்த அறைக்குள் இருப்பது உரிமை என்று சொல்வோர் உண்டு. நான் அதைக் கடமை என்பேன். உரிமையை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கலாம்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. ஒன்றரை வருடமாக உள்ளே போய் வருகிறவர், "அவளையும் கூப்பிடுவோம் அப்பா" என்று ஒரு முறையாவது சொல்லியிருக்கலாம். அப்பா பேசும்போது மகன் கைகட்டி நிற்பது அழகுதான். தன் பிள்ளையின் நோய் விஷயத்திலும் நிற்பது அழகில்லை. இனி அவருக்கு ஒரு வேலை: பையன் பக்கத்தில் அவரும் படுக்கட்டும், வலிப்பு தொடங்கியதும் செல்பேசியில் ஆரம்பத்திலிருந்து முகம் தெரியும்படி படம் பிடிக்கட்டும், நீங்கள் பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நிமிடப் படம் ஸ்கேன் சொல்லாததையும் மருத்துவருக்குச் சொல்லிவிடும்.

மாமனாரிடம் இதைச் சண்டையாக்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த முறை புறப்படுவதற்கு முந்தின இரவு, சாப்பாடு பரிமாறும்போது சொல்லுங்கள்: "மாமா, வலிப்பு ஆரம்பிக்கிறப்ப நான் மட்டும்தான் பக்கத்துல இருக்கேன். டாக்டர்கிட்ட அதை நானே சொல்லிடறேன். நீங்களும் கூட இருங்க." நல்ல மனிதர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனிதருக்கு இதற்கு மேல் வேண்டாம். பேச்சு எழாது என்று பயந்தால், வலிப்பு வந்த தேதி, நேரம், தொடங்கிய விதம், வாந்தி எடுத்த நாட்கள் எல்லாவற்றையும் பள்ளி நோட்டு ஒன்றில் எழுதி நீட்டுங்கள்.

காரணம் உங்கள் பிரசவமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிறந்ததும் மூச்சுத் திணறிய குழந்தைகளுக்குப் பின்னாளில் வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. அப்படிப் பிறந்தும் ஒரு வலிப்பும் இல்லாமல் வளர்ந்தவர்களும், பிறந்த நொடியே வீறிட்டு அழுதும் வலிப்பு வந்தவர்களும் ஏராளம். உங்கள் மகன் எந்த வகை என்று உங்கள் மாமியாராலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. குழந்தை எத்தனை நிமிடம் கழித்து அழுதது, மூச்சுக் கொடுக்க வேண்டியிருந்ததா, அந்த ஐந்து நாளில் வலிப்பு வந்ததா என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டிய இடம் அந்த டிஸ்சார்ஜ் அட்டை. அதை உங்கள் அம்மா ஒளித்து வைத்திருக்கிறார்! பிறந்த வீட்டுக்குப் பழி வரும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. பேரனின் மருத்துவரிடமிருந்து அதை மறைத்து அந்தப் பழியிலிருந்து தப்பித்துவிடலாம் என்று அவர் நினைப்பதுதான் புரியவில்லை. உங்கள் தம்பியோ அண்ணனோ இருந்தால் அனுப்பி இந்த வாரமே வாங்கி வரச் சொல்லுங்கள்.

சென்னைக்கு மாற்றுவதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் பிள்ளையை மன்னை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் விழிக்க வைத்து அழைத்துப் போய், அங்கேயும் நீங்கள் வெளியில் உட்கார்ந்தால், அதே பாதிக் கதைதான் அங்கும் போகும். முழுக் கதையையும் கேட்ட பிறகு தஞ்சாவூர் மருத்துவரே வேறு இடத்துக்கு எழுதிக் கொடுத்தால் தயங்காமல் போங்கள்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் இதே கதவுதான். பரிசோதனைக்குப் போகும்போது தாய்-சேய் நல அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், முதல் பிரசவத்தில் வலி எவ்வளவு நேரம் நீடித்தது, குழந்தை அழவில்லை, ஐந்து நாள் பெட்டியில் இருந்தது என்று மகப்பேறு மருத்துவரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்த டிஸ்சார்ஜ் அட்டையின் நகலை அங்கேயும் கொடுங்கள். அதைக் கேட்டபின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில்தான் பிரசவம் நடக்க வேண்டும் என்று அவர் சொல்லக்கூடும். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. தஞ்சாவூரில் ராசா மிராசுதார் மருத்துவமனை இருக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம் என்பதால், எங்கே பிரசவம் என்பதை இரு வீட்டாரும் கௌரவம் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். வளைகாப்புக்கு நாள் குறிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு அந்த இடத்தை முடிவு செய்துவிடுங்கள். வளையல் எந்த வீட்டில் அடுக்குவது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளட்டும்.