வட்டத் தொட்டிக்கு 16,000 லிட்டர் வராது, அண்ணே

திருமங்கலம் வீட்டு வட்டத் தொட்டி, 6 அடி விட்டம், 5 அடி உயரம். உங்கள் கணக்கில் 16,000 லிட்டர் வருகிறது, கொத்தனாரோ 4,000 என்கிறார், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். கொத்தனார்தான் சரி. நீங்கள் விட்டத்தையே ஆரமாகப் போட்டுவிட்டீர்கள். ஆரத்தை ஆரத்தால் பெருக்குவதால், இரட்டிப்பாகப் போட்டால் விடை நாலு மடங்காகிவிடும். 3.14 × 3 × 3 × 5 = 141.3 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர்; ஆக, கிட்டத்தட்ட 4,000.

ஆனால் அந்த 6 அடி உள்ளளவுதானே? வெளியே டேப் பிடித்திருந்தால், 4 அங்குலச் சுவர் இருபக்கமும் தின்றது போக 3,200 லிட்டர்கூடத் தேறாது. எங்கள் வீட்டில் நான் ஏமாந்தது அங்கேதான்.

உள்ளே வாட்டர் புரூஃப் பூச்சுக்கு: சுவர் 2 × 3.14 × 3 × 5 = 94.2, தரை 3.14 × 3 × 3 = 28.3, மொத்தம் 122.5 சதுர அடி. பள்ளிச் சூத்திரத்தில் மொத்தப் புறப்பரப்புக்கு இரண்டு வட்டம் வரும். உங்களுக்கு அடிவட்டம் மட்டும் போதும்.

அப்புறம், வழிந்தோடும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அது ஓர் அங்குலம் இறங்கியிருந்தால் கிட்டத்தட்ட 67 லிட்டர் குறையும்.