மலையை விட்டு இறங்கலாமா?

கேள்வி: ஏற்காடு காப்பித் தோட்டத்தில் 7 வருஷமாக மேற்பார்வையாளர் நான். சேலத்தில் காப்பிக்கொட்டை வியாபாரி ஒருவர் தரம் பார்க்கும் வேலைக்குக் கூப்பிடுகிறார். சம்பளம் கிட்டத்தட்ட இதேதான். போகலாமா அண்ணா?
– வாசகர், நாகலூர்

பதில்: சம்பளம் ஒன்றுதான் என்றால், எங்கே அதிகம் கற்பீர்கள் என்று மட்டும் பாருங்கள் தம்பி. நானும் 11 வருஷம் தோட்டத்தில் இருந்தவன். கடைசி 3 வருஷம் நிழல்மரம் கழிப்பதிலும் ஆள் கணக்கிலுமே போயிற்று, புதிதாக ஒன்றும் கற்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

போங்கள், ஆனால் இந்த அறுவடை முடியட்டும். மார்ச், ஏப்ரல் மழைக்குப் பூத்த அராபிகா வகைக் காப்பி நவம்பர் வாக்கில்தான் பழுக்கத் தொடங்கும். பழத்தைத் தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைக்கும்வரை கூடவே நில்லுங்கள். ஊறல் மிஞ்சினால் கொட்டையில் புளித்த வாடை ஏறும். சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மேசையில் கொட்டையைப் பார்த்ததும் குறை எந்தக் கட்டத்தில் வந்தது என்று சொல்ல, களத்தில் நின்றவரால்தான் முடியும். அந்த வியாபாரிக்கு வேண்டியதும் அதுதான்.

பிப்ரவரி வரை தவணை கேளுங்கள். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவதா, சேலத்திலேயே வீடு பார்ப்பதா என்று வீட்டில் இன்றே பேசிவிடுங்கள்.