குழாய்த் தண்ணீரில் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகள், மில்லிகிராமில்) 900 காட்டுகிறது. மாடித்தோட்டத்துக்கு ஊற்றலாமா, ஆர்ஓ தண்ணீர்தான் வேண்டுமா?

ஊற்றலாம். ஆர்ஓ தேவையில்லை. ஆனால் 900 என்ற எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நீங்கள் சென்னை, போர் தண்ணீர், செம்பருத்தியிலும் இட்லிப்பூவிலும் துளிர் இலைகள் மஞ்சளாகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் சென்னையில்தான் மாடியில் செடி வளர்க்கிறேன். இங்கே பல வீடுகளில் போர், மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே சம்பில் விழும். மே மாதம் அளந்த எண் டிசம்பரில் இருக்காது. அதனால் முதலில், எந்தத் தண்ணீர் வரும்போது அளக்கிறீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

டிடிஎஸ் அளக்கும் பேனா வடிவக் கருவி உண்மையில் உப்பை எடை போடுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. கரைந்திருப்பது கால்சியமா சோடியமா என்று அதற்குத் தெரியாது. செடிக்கோ அதுதான் முக்கியம். பாசன நீருக்கு உலக உணவு வேளாண் அமைப்பு வகுத்த அளவுகோலில் 450 வரை கவலையில்லை, 450 முதல் 2,000 வரை பயிரைப் பார்த்துப் பயன்படுத்தலாம். 900-இல் பீன்ஸ், கேரட், ஸ்ட்ராபெரி சோர்ந்துபோகும். தக்காளி ஓரளவு தாங்கும். பீட்ரூட் நன்றாகவே தாங்கும்.

உங்கள் 900-இல் என்ன இருக்கிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வற்றிய அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். தெளிந்த மேல்நீரை அளந்து பாருங்கள். எண் நன்றாகக் குறைந்து, பாத்திரத்தில் வெள்ளைப் படிவும் இருந்தால் கால்சியம் பைகார்பனேட் அதிகம் என்று அர்த்தம். எண் பெரிதாக மாறவில்லை என்றால் சோடியமும் குளோரைடும் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. கடலோரப் பகுதி போர்களில் இது சகஜம்.

அடுத்தது, மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் கேஎச் (KH) சொட்டுப் பரிசோதனை. அது தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் போன்றவற்றின் அளவைக் காட்டும். கொளத்தூர் பக்கம் வண்ண மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நீலம் மஞ்சளாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் காரத்தன்மை. தொட்டிச் செடிகளுக்கு அது 100 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 150-க்கு மேல் போனால் தொந்தரவு. பிஎச் (அமில, கார நிலையைக் காட்டும் எண்) 8 என்று பலரும் பதறுகிறார்கள். எனக்கு அதைவிடக் காரத்தன்மை எண்தான் முக்கியம். காரத்தன்மை அதிகமான தண்ணீரை ஊற்றுவது, ஒவ்வொரு முறையும் தொட்டியில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போடுவது மாதிரி. மண்ணின் பிஎச் மெல்ல ஏறும், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. துளிர் இலையில் நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் பழக்கத்திலும் இந்த அமிலக் கணக்கு இருக்கிறது. மோரில் உப்பு மட்டும் போட்டிருக்கக் கூடாது.

காரத்தன்மை 300 இருந்தால், 10 லிட்டருக்கு ஏறத்தாழ 3 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்தால் 100 பக்கம் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பிஎச் தாளில் 6 முதல் 6.5 வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஆனால் பிரச்சினை சோடியம் என்றால் அமிலம் உதவாது. மழைநீரையோ ஏசியிலிருந்து சொட்டும் நீரையோ கலந்து உப்பைக் குறைப்பதுதான் வழி. ஏசி நீரைப் பூச்செடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீரைக்கு வேண்டாம்.

அபார்ட்மென்ட்டில் வாட்டர் சாஃப்ட்னர் இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை உள்ளே விடுகிறது. பேனாவில் எண் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், செடிக்கோ அது பல மடங்கு கெடுதல். செம்மண் இறுகி மேலே ஓடு கட்டிவிடும், தண்ணீர் உள்ளே இறங்காது. சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் எடுக்க முடியுமா பாருங்கள். ஆர்ஓ கழிவு நீரும் இப்படித்தான் யோசித்துச் செய்ய வேண்டிய விஷயம். உள்ளே 900 போனால் வெளியே 1,200 பக்கம் வரும். கழுவத் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

குளோரின் வாசனை வந்தால் ஓர் இரவு திறந்த பக்கெட்டில் வைத்தால் போதும்.

அப்புறம், அந்தப் பேனாவைக் குழாயடியில் வைப்பதைவிடத் தொட்டியின் அடியில் வைத்துப் பாருங்கள். நன்றாக ஊற்றி, துளை வழியாக வடியும் நீரை அளங்கள். உள்ளே 900, வடிவது 3,000 என்றால் மண்ணில் உப்பு சேர்ந்துவிட்டது, தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவும் தெரியலாம். தினமும் ஒரு டம்ளர் ஊற்றும் பழக்கம் இதற்குப் பெரிய காரணம். வெயிலில் நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். மண் காய்ந்த பிறகு, ஐந்தில் ஒரு பங்காவது அடியில் வடியும்படி ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கழுவாத கோகோபீட்டிலும் (தென்னை நார்த் தூள்) உப்பு நிறைய இருக்கும், அதை ஊறவைத்துப் பிழிந்த நீரையும் இப்படியே அளக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளைத் திறந்த வெளியில் வையுங்கள்.

முழு விவரம் வேண்டுமென்றால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீர்ப் பரிசோதனை என்று கேளுங்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலை அலசி, ஒரு லிட்டர் பிடித்துக் கொடுக்க வேண்டும். பரிசோதனை முடிவில் எஞ்சிய சோடியம் கார்பனேட் (ஆர்எஸ்சி, கால்சியம், மெக்னீசியத்தைவிடக் கூடுதலாக உள்ள கார்பனேட்) 1.25-க்குள் இருந்தால் நிம்மதி, 2.5-ஐத் தாண்டினால் அந்த நீரைத் தனியாக ஊற்றாதீர்கள்.

இப்போதைக்கு உங்கள் இட்லிப்பூவுக்கு இடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்புச் சத்து வாங்கி மண்ணில் ஊற்றுங்கள். மலிவாகக் கிடைக்கும் இடிடிஏ (EDTA) வகை காரத்தன்மை மிகுந்த மண்ணில் நிற்காது. மஞ்சளான இலை முழுதாகத் திரும்பாமல் போகலாம், இனி வரும் துளிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.