மங்கலாகத் தெரிவதுதான் சரி

துப்பாக்கி சுடும் பயிற்சியில் பீப் சைட் (துப்பாக்கியின் பின்பக்கத்தில் குறிபார்க்க உள்ள சிறு துளை) வழியாகப் பார்க்கும்போது இலக்கின் கருவட்டம் மங்குகிறது என்று மகள் சிணுங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். மங்கத்தான் செய்யும். 10 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கையும் குழல் முனையிலுள்ள வளையத்தையும் கண்ணால் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க முடியாது. வளையம் தெளிவாக இருக்கட்டும். பின்துளையை அவள் தேடவே வேண்டாம். அதன் வழியாகப் பார்த்தால் போதும். ஒரு தாளில் பெரிய வட்டம் வரைந்து, நடுவில் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். வட்டம்தான் வளையம், பொட்டுதான் கருவட்டம். சுற்றிலும் வெள்ளை ஒரே அளவாக இருந்தால் குறி சரி. சொல்லிப் புரியாதது இதில் புரிந்துவிடும்.

மற்றக் கண்ணை இறுக்கி மூடுகிறாளா? குறிபார்க்கும் கண்ணும் சேர்ந்து சுருங்கும். மூடுவதற்குப் பதில், மற்றக் கண்ணைச் சிறு அட்டையால் மறையுங்கள். பத்து நொடிக்குள் சுடவில்லையென்றால் துப்பாக்கியை இறக்கட்டும். குண்டில்லாத பயிற்சியிலும் குழல் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். குறி அமையும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது.