மகள் கேட்பது சின்னக் கல்லூரி. 48,000 டாலர் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் ஓஹையோவில், கொலம்பஸ் பக்கம் இருக்கிறோம். மகள் இங்கேயே பிறந்தவள். பயாலஜியில் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. ஓஹையோ ஸ்டேட்டில் இடம் கிடைத்திருக்கிறது. தங்கும் செலவு, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 29,000 டாலர். வூஸ்டர் கல்லூரியிலும் கிடைத்திருக்கிறது. ஸ்காலர்ஷிப் போக 41,000. அவளுக்கு வூஸ்டர்தான் வேண்டுமாம். "பேரே கேள்விப்படாத சின்னக் கல்லூரியில் படித்தவளைப் பிஎச்.டி.க்கு யார் எடுப்பார்கள்?" என்கிறார் என் கணவர். 529 கணக்கில் (படிப்புச் செலவுக்கென்று வரிச் சலுகையோடு சேமிக்கிற கணக்கு) அவளுக்கென்று 1,10,000 டாலர் சேர்த்திருக்கிறோம். அதற்கு மேல் மாதம் 800 டாலர் ஒதுக்க முடியும். மகன் எட்டாவது படிக்கிறான். மகள் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள்; லேப் என்றால் மட்டும் சாப்பாட்டையே மறந்துவிடுவாள். எங்கே சேர்ப்பது?

பதில்: வணக்கம் சகோதரி. முதலில் உங்கள் கணவரின் கவலைக்கு வருகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இதை அடிக்கடி கேட்கிறேன். நமக்கு எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு தெரியும். ரீட், ஸ்வார்த்மோர், கார்ல்டன், வூஸ்டர் தெரியாது. ஆனால் பிஎச்.டி.க்கு ஆள் எடுக்கும் பேராசிரியர்களுக்கு இந்தப் பெயர்கள் நன்றாகவே தெரியும். பட்டம் வாங்கியவர்களில் எத்தனை சதவீதம் பேர் பின்னாளில் பிஎச்.டி. முடித்தார்கள் என்று பார்த்தால், கால்டெக்குக்கும் எம்.ஐ.டி.க்கும் பக்கத்திலேயே ஹார்வி மட், ரீட், ஸ்வார்த்மோர் போன்ற சின்னக் கல்லூரிகள் நிற்கின்றன. 1927-ல் இயற்பியல் நோபல் பெற்ற ஆர்தர் காம்ப்டன் இளநிலை படித்தது நீங்கள் சொல்லும் அதே வூஸ்டரில்தான். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: ஆராய்ச்சி ஆசையோடு வருகிற பிள்ளைகளே இந்தக் கல்லூரிகளில் அதிகம் சேர்கிறார்கள். எல்லாப் பெருமையும் கல்லூரிக்கே சேராது.

அப்படியானால் அந்தக் கூடுதல் 12,000 டாலருக்கு வருடா வருடம் என்னதான் கிடைக்கிறது? வூஸ்டரில் கடைசி வருடம் ஒவ்வொரு மாணவரும் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து ஆய்வேடு எழுதியாக வேண்டும். இது 1940-களின் கடைசியிலிருந்து நடந்து வருகிறது. நன்றாகப் படிப்பவர்களுக்கு மட்டும் என்றில்லை, எல்லோருக்கும் கட்டாயம். ஒரு பேராசிரியர் அந்த மாணவருடன் தனியாக உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே வருவார். ஆய்வேட்டை ஒப்படைக்கிற திங்கட்கிழமை அங்கே ஒரு திருவிழா. ஒப்படைத்தவர் கையில் ஒரு டூட்சி ரோல் மிட்டாய் கொடுப்பார்கள்; அப்புறம் பேக்பைப் வாசித்துக்கொண்டு ஊர்வலம். ஒரு மிட்டாய்தான். ஆனால் அதை வருடக்கணக்கில் பத்திரமாக எடுத்து வைத்திருப்பவர்கள் உண்டு.

இதற்கும் பிஎச்.டி.க்கும் உள்ள தொடர்பு நேரடியானது. விண்ணப்பத்துக்குப் பொதுவாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். "என் வகுப்பில் ஏ வாங்கினாள்" என்கிற கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை. "சோதனை மூன்று முறை சொதப்பியது, நான்காவது முறை எங்கே தவறு என்று அவளே கண்டுபிடித்தாள்" என்று ஒருவர் எழுத வேண்டும். அப்படி எழுத, அவர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். வூஸ்டரில் முதுநிலை மாணவர்கள் கிடையாது. லேப் வேலையில் பேராசிரியருக்குத் துணை உங்கள் மகளைப் போன்ற இளநிலைப் பிள்ளைகள்தான்.

இதெல்லாம் ஓஹையோ ஸ்டேட்டில் கிடைக்காதா? கிடைக்கும். அங்கேயும் இளநிலையிலேயே ஆய்வேடு எழுதலாம், ஆராய்ச்சிக் கூடங்களும் பல மடங்கு அதிகம். ஆனால் அங்கே யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள். முதல் வருடமே பத்துப் பேராசிரியர்களுக்கு மெயில் போட்டு, ஒன்பது பேர் பதில் போடாவிட்டாலும் பத்தாவது கதவைத் தட்டுகிற பிள்ளையாக இருக்க வேண்டும். உங்கள் மகள் வாய் திறக்க மாட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். கதவைத் தட்டுகிற பிள்ளைக்கு நான் யோசிக்காமல் ஓஹையோ ஸ்டேட் என்று சொல்லியிருப்பேன். உங்கள் மகளுக்கு வூஸ்டர் பொருந்தும் என்றே நினைக்கிறேன். பணம் இடம் கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது வூஸ்டர் அனுப்பிய உதவித்தொகைக் கடிதத்தைக் கையில் எடுங்கள். 41,000 என்ற எண் எப்படி வந்தது என்று வரிவரியாகப் பாருங்கள். பல கல்லூரிகள் கடனையும் வேலை செய்து சம்பாதிக்க வேண்டிய தொகையையும்கூட "உதவி" என்ற தலைப்பின் கீழேயே போட்டுக் கழித்துவிடும். கடனைக் கழித்துத்தான் 41,000 என்றால் அது 41,000 இல்லை.

அடுத்தது, ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் நான்கு வருடத்துக்கும் ஒரே தொகை. கட்டணம் அப்படியே நிற்காது. முழுக் கட்டணம் 75,000 என்றும் வருடம் 3 சதவீதம் ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவது முழுக்க உங்கள் தலையில்தான். இரண்டாம் வருடம் 2,250, மூன்றாம் வருடம் சுமார் 4,570, நான்காம் வருடம் சுமார் 6,950. கிட்டத்தட்ட 14,000 டாலர் கூடுதல். மொத்தம் 1,78,000 ஆகிவிடும். ஓஹையோ ஸ்டேட்டில் மாநிலத்து மாணவர்களுக்குச் சேரும்போது உள்ள கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் நான்கு வருடத்துக்கு அப்படியே உறுதி. அங்கே 1,16,000-க்குள் முடிந்துவிடும். ஆக வித்தியாசம் நீங்கள் நினைக்கும் 48,000 இல்லை, 62,000.

உங்கள் கையில் இருப்பது: 529-ல் 1,10,000. மாதம் 800 வீதம் நான்கு வருடத்தில் 38,400. மகள் தன் பெயரில் வாங்கக்கூடிய மத்திய அரசுக் கடன் நான்கு வருடத்துக்கு 27,000. மூன்றும் சேர்ந்து 1,75,400. மயிரிழையில் பற்றாக்குறை என்று தோன்றும். ஆனால் 800 முழுவதும் மகளுக்கே போய்விட்டால், அவள் முடிக்கிற வருடம் கல்லூரி சேரப் போகிற தம்பிக்கு என்ன இருக்கும்? அந்த இடத்தில்தான் பெற்றோர் பேரன்ட் பிளஸ் கடனில், அதாவது மத்திய அரசு பெற்றோர் பெயரில் தருகிற கல்விக் கடனில், கையெழுத்துப் போடுகிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அது உங்கள் ஓய்வுக்காலத்தைத் தின்கிற கடன்.

மகளின் 27,000 கடன் எனக்குப் பயமில்லை. பயாலஜி பிஎச்.டி. என்றால் பொதுவாகக் கட்டணமும் கிடையாது, மாதாமாதம் ஸ்டைபெண்டும் உண்டு. படிக்கும்வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஏறும். ஆனால் நடுவில் மனம் மாறி மருத்துவம் என்றால் கணக்கே வேறு. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, மேற்படிப்புக்கு மத்திய அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது; மருத்துவத்துக்கு மத்திய அரசுக் கடன் வருடம் 50,000, மொத்தம் 2,00,000 வரைதான். மாஸ்டர்ஸுக்கு வருடம் 20,500. அவளிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

சரி, செய்ய வேண்டியது. இந்த வாரமே வூஸ்டரின் நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஓஹையோ ஸ்டேட் கணக்கை இணைத்து, மகன் நான்கு வருடத்தில் கல்லூரி வருவதையும் சொல்லி, வருடம் 5,000 கூட்டித் தர முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவர்களுக்கு இது அன்றாடம் வருகிற கடிதம். கூடவே பயாலஜி துறையில் கடந்த ஐந்து வருடம் படித்தவர்கள் எங்கெங்கே பிஎச்.டி. சேர்ந்தார்கள் என்ற பட்டியலையும் கேளுங்கள். கல்லூரியின் பொதுக் கணக்கு வேண்டாம், துறையின் கணக்கு வேண்டும்.

41,000 என்பது 36,000 ஆனால், 529-ம் மகளின் 27,000 கடனும் போக, மகளுக்கு மாதம் சுமார் 435 போதும். மீதி 365 தம்பியின் கணக்குக்குப் போகட்டும். வூஸ்டரில் சேருங்கள். கோடையில் வேறு பெரிய பல்கலைக்கழக லேபில் பத்து வாரம் வேலை பார்க்க, தேசிய அறிவியல் அறக்கட்டளை ஸ்டைபெண்டோடு தருகிற ஆர்.இ.யு. திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு மட்டுமே அது. உங்கள் மகளுக்குத் தடையில்லை.

கூட்டித் தரவில்லை என்றால் ஓஹையோ ஸ்டேட். அந்த 800 டாலரில் பெரும்பகுதி தம்பிக்குச் சேரும், மகளுக்குக் கடனே இருக்காது. ஆனால் முதல் செமஸ்டரில் அந்தப் பத்து மெயில்களை அவள் எழுதும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். இரண்டில் எது என்று மே 1-க்குள் சொல்லியாக வேண்டும். வூஸ்டரின் பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.