ஆக்டேவியாவா, ஆல்டிஸா? முதலில் கியர்பாக்ஸைப் பாருங்கள்

கேள்வி: கோவையில் இருக்கிறேன். ஆபீஸ் போய்வர தினமும் 30 கி.மீ., முழுக்க ஊருக்குள் டிராஃபிக்தான். மாதம் ஒருமுறை அப்பா, அம்மாவோடு சென்னைப் பயணம். முழங்கால் வலி இருப்பதால் ஆட்டோமேட்டிக் வேண்டும். கையில் 11 லட்சம். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, 2017 ஸ்கோடா ஆக்டேவியா 1.8 பெட்ரோல், சென்னைப் பதிவு, 62,000 கி.மீ., 10.75 லட்சம். இன்னொன்று, 2017 டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் பெட்ரோல். கோவைப் பதிவு, 78,000 கி.மீ., 9.25 லட்சம். ஆக்டேவியாவை ஓட்டிப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் மனசு அங்கே நிற்பதில் ஆச்சரியமே இல்லை. 180 குதிரைத்திறன் உள்ள அந்த 1.8 டர்போ எஞ்சின் நெடுஞ்சாலையில் இழுக்கிற இழுப்புக்கு ஆல்டிஸின் 140 ஈடாகாது. ஆனாலும் உங்கள் ஓட்டத்துக்கு ஆல்டிஸைத்தான் சொல்வேன். காரணம் எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ்.

அந்த ஆக்டேவியாவில் இருப்பது டி.எஸ்.ஜி. என்ற 7 கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5, 7-வது கியர்களுக்கு. மற்றது 2, 4, 6, ரிவர்ஸுக்கு. ஒன்று விலகும்போதே மற்றது பிடித்துக்கொள்வதால்தான் கியர் மாறுவதே தெரியாமல் வண்டி பாய்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்சுகள். டிராஃபிக்கில் வண்டி அடி அடியாக ஊரும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை எடுத்துப்போக எண்ணெய் கிடையாது, காற்று மட்டும்தான். ஏப்ரல் மாத மாலையில், சிக்னலுக்குச் சிக்னல் முதல் கியர், இரண்டாம் கியர், திரும்ப முதல் கியர் என்று போனால் இரண்டு கிளட்சும் சேர்ந்து தேயும்.

எஞ்சின் தரும் முறுக்குவிசையில் (டார்க்) இது தாங்குவதற்கு 250 நியூட்டன் மீட்டர் என்று ஓர் எல்லை உண்டு. அதே காலத்து ஸ்கோடா சூப்பர்ப் காரில், இதே 1.8 எஞ்சின் மேனுவல் கியரோடு வந்தபோது 320 கொடுத்தது. இந்த ஆட்டோமேட்டிக்கோடு வரும்போது 250-லேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆல்டிஸில் இருப்பது சி.வி.டி., அதாவது தனித்தனிக் கியர்களுக்குப் பதிலாக பெல்ட்டும் புல்லியும் வைத்து விகிதத்தை மாற்றும் ஆட்டோமேட்டிக். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. வண்டி ஊரும்போது வழுக்கல் எண்ணெய் வழியே நடக்கிறது. அப்போது அங்கே வழுக்கித் தேயும் கிளட்ச் தகடு இல்லை. அழுத்தி மிதித்தால் எஞ்சின் முதலில் கத்தும், வேகம் பிறகுதான் வரும். ஆக்டேவியா ஓட்டிய கைக்கு இது கொஞ்சம் சலிப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் தினம் 30 கி.மீ. நெரிசலில் ஓட்டுகிறவருக்கு இந்தச் சாதுவான குணம்தான் செலவை மிச்சம் பிடிக்கும். பெற்றோருக்கும் நல்லது: ஆல்டிஸின் பின்பக்கத் தரை கிட்டத்தட்ட சமதளம். ஆக்டேவியாவில் நடுவே பெரிய மேடு, காலைத் தூக்கித்தான் வைக்க வேண்டும்.

சரி, ஆக்டேவியாவை விட முடியவில்லை என்றால் இப்படிப் பாருங்கள். காலையில், விற்பவர் வண்டியை எடுப்பதற்கு முன்பே போய்விடுங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்து அரை மணி நேரமாவது நெரிசலான சாலையில் ஓட்டுங்கள், ஏ.சி. போட்டபடி. காலி பைபாஸில் எந்த டி.எஸ்.ஜி.யும் நன்றாகத்தான் போகும். கிளட்செல்லாம் சூடான பிறகு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் மெல்ல விடுங்கள். முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் இடத்தில் சீட்டில் ஒரு நடுக்கம் ஏறுகிறதா? ரிவர்ஸிலிருந்து டி-க்கு மாற்றும்போது 'டொக்'கென்று இடிக்கிறதா? இருந்தால் விலகிவிடுங்கள். இல்லையென்றாலும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கியர்பாக்ஸில் பழைய கோளாறு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிளட்ச் செட்டும், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட்டும் சேர்ந்து போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். 10.75 கொடுத்துவிட்டு 25,000 மட்டும் கையில் வைத்திருந்தால் எப்படித் தாங்குவீர்கள்?

அந்த வண்டி சென்னைப் பதிவு என்பதால் இன்னொன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூழ்கிய கார்கள் ஏராளம். நான் ஒருமுறை பார்க்கப் போன வண்டியில் சீட், தரைவிரிப்பு எல்லாம் புதுசு. உள்ளே வாசனை வேறு அடித்து வைத்திருந்தார்கள். பின்சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தேன். கடைசி ஒரு அடியில் காப்பிக் கறை மாதிரி ஒரு கோடு, விரலில் மண் ஒட்டியது. பெல்ட்டின் அடிப்பகுதி சுருண்டு உள்ளேயே இருப்பதால் அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. சீட் தண்டவாளத்துத் துருவையும், ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு டிக்கிக் குழியையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஆல்டிஸையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். கிலோமீட்டர் சீராக ஏறியிருக்க வேண்டும். சி.வி.டி. ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதும் தெரிய வேண்டும். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. பானட், மட்கார்டு போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். ஆல்டிஸ் 2020-ல் நிறுத்தப்பட்டது என்று பயமுறுத்துவார்கள். வழக்கமான சர்வீஸ் பாகங்களுக்கு அதனால் கவலைப்படத் தேவையில்லை. 9 லட்சத்துக்குப் பேசி முடித்தால், மீதியில் டயர், பேட்டரி, ஆயில் எல்லாம் மாற்றிவிடலாம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு, வண்டி மேல் கடன் பதிவாகியிருக்கிறதா, அபராத பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததற்கு வங்கி தரும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணையில்லாச் சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30-ல் விற்பவர் உங்கள் முன்னால் கையெழுத்துப் போடட்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். க்ளெய்ம் செய்யாததற்காக விற்றவருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடி (நோ-க்ளெய்ம் போனஸ்) உங்களுக்கு வராது. பிரீமியம் அதனால் கொஞ்சம் கூடும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.