பொருளறிவியல் கண்டுபிடிப்புகள் செய்தியோடு நின்றுவிடுகின்றனவா?

கேள்வி இதுதான்: "மெட்டீரியல்ஸ் சயன்ஸில் வாரத்துக்கு ஒரு புரட்சி என்று செய்தி வருகிறது. அறை வெப்பநிலை மீக்கடத்தி என்றார்கள், காணோம். பெரோவ்ஸ்கைட் சோலார் என்றார்கள், அதையும் காணோம். இந்தத் துறையை நம்பி முனைவர் பட்டத்துக்குப் போகலாமா?"

கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் பாதி முடிவெடுத்துவிட்டீர்கள் என்று படுகிறது. யாராவது "வேண்டாம்" என்றால் நிம்மதியாக விலகிவிடலாம் என்று காத்திருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. ஐந்து வருடம் பெரோவ்ஸ்கைட்டோடு, அதாவது சூரிய ஒளியை மின்சாரமாக்கும் ஒருவகைப் படிகப் பொருளோடு, குடும்பம் நடத்திய எனக்கு அந்தக் "காணோம்" சுருக்கென்று தைத்தது.

முதலில் மீக்கடத்தி விஷயத்தை முடித்துவிடுகிறேன். மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்தான் மீக்கடத்தி. 2023 ஜூலையில் ஒரு தென்கொரியக் குழு எல்கே-99 என்ற பொருளை அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று அறிவித்தது. சுமார் 104 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை சட்டென்று விழுந்தது, பார்த்தவர்கள் பரவசமானார்கள். அந்தப் பொருளில் கலந்திருந்த செப்பு சல்பைடு அதே வெப்பநிலையில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். மின்தடை விழுந்ததற்கு அதுதான் காரணம். ஷ்டுட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கலப்பில்லாத ஒற்றைப் படிகம் வளர்த்துப் பார்த்தார்கள். ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும், மின்சாரமே கடத்தாத படிகம் வந்தது. ஒரு மாதத்துக்குள் எல்லாம் தெளிவாகிவிட்டது. இதைத் துறையின் தோல்வி என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. சரிபார்ப்பது இத்தனை வேகமாக நடந்தது எங்கள் துறைக்குப் பெருமை.

பெரோவ்ஸ்கைட் கதை வேறு. 2009இல் ஜப்பானில் மியாசகா குழு செய்த சூரிய செல்லின் திறன், அதாவது விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு, 3.8 சதவீதம். இப்போது தனிச் செல் 26ஐத் தாண்டிவிட்டது. சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கிய இரட்டைச் செல் 2024இல் 34.6ஐத் தொட்டது. வெறும் சிலிக்கானுக்குக் கோட்பாட்டு எல்லையே 29.4 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே 2024 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு பிவி நிறுவனம் இரட்டைப் பேனல்களை வாடிக்கையாளருக்கு அனுப்பியும்விட்டது. அதனால் "காணோம்" என்பது சரியில்லை. ஆனால் அந்தப் பேனலின் திறன் 24.5தான். 34.6 என்பது சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர் செல்லில் எடுத்த அளவு. இடையில் இருக்கும் அந்தப் பத்தில்தான் என் ஐந்து வருடமும் போனது.

செய்து பார்த்தால்தான் புரியும். காற்றுப் புகாத குளோவ் பாக்ஸுக்குள் கண்ணாடித் துண்டு வேகமாகச் சுழலும். பெரோவ்ஸ்கைட் கரைசல் பரவும். குறிப்பிட்ட ஒரு நொடியில் அதைப் படிகமாக்கத் தூண்டும் குளோரோபென்சீன் திரவத்தை பைப்பெட்டால் விட வேண்டும். இரண்டு மூன்று நொடி பிந்தினாலும் படலம் வெளுத்துப் போய்விடும். சரியாக விழுந்தால், ஹாட் பிளேட்டில் வைத்ததும் வெளிர் மஞ்சள் கண்ணெதிரே கரும்பழுப்பாகி முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும். முதல் முறை அப்படி வந்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒரு துண்டை வெளியே வைத்துவிட்டுப் போனேன். சில நாளில் ஓரங்களில் மஞ்சள் ஏறியிருந்தது. ஈரக்காற்று பட்டால் பெரோவ்ஸ்கைட்டில் உள்ள மெத்தில் அம்மோனியம் பிரிந்து போய், ஈய அயோடைடு மட்டும் மிஞ்சும். அந்த மஞ்சள் அதுதான்.

பேனல் என்றால் சோதனையில் 85 டிகிரி சூட்டில், 85 சதவீத ஈரப்பதத்தில், ஆயிரம் மணி நேரம் தாங்க வேண்டும். கிட்டத்தட்ட 42 நாள். மெத்தில் அம்மோனியம் அந்தச் சூட்டுக்கே நிற்காது என்பதால் ஃபார்மமிடினியம்-சீசியம் கலவைக்கு மாறினேன். 48 செல் வைத்தேன். 300 மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் செத்துவிட்டன. பிரித்துப் பார்த்தால் பெரோவ்ஸ்கைட் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. அயோடைடு மெல்ல நகர்ந்து மேலே போய் வெள்ளி மின்முனையை அரித்திருந்தது. இடையில் மெல்லிய டின் ஆக்சைடு அடுக்கு கொடுத்து, ஓரத்தை எபாக்சிக்குப் பதிலாக பியூட்டைல் ரப்பரால் அடைத்தேன். அடுத்த சுற்றில் 11 செல் ஆயிரத்தைத் தாண்டின.

இதை எழுதி அனுப்பினேன். "திறன் 17 சதவீதம்தான், சாதனை அளவு இதைவிட அதிகம், புதுமை போதாது" என்று திரும்பி வந்தது. இன்னொரு இதழிலும் கிட்டத்தட்ட அதே பதில். டின் ஆக்சைடும் பியூட்டைலும் எனக்கு முன்பே பலர் பயன்படுத்தியவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த செல் எத்தனையாவது மணி நேரத்தில் எதனால் செத்தது என்று 48 செல்லுக்கும் அட்டவணை போட்டிருந்தேன். அதற்கு எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. திறன் அரை சதவீதம் கூடினால் செய்தி. ஆயுள் 700 மணி நேரம் கூடினால் செய்தியில்லை. உங்கள் காதுக்கு முதல் வகை மட்டும் வந்து சேர்வது இப்படித்தான்.

"ஈயம் இருக்கிறதே" என்று பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். படலத்தின் தடிமன் அரை மைக்ரான்தான். ஒரு சதுர மீட்டருக்கு ஈயம் ஒரு கிராமுக்கும் குறைவு. ஆனாலும் அந்த ஈயம் நீரில் கரையக்கூடிய வடிவத்தில் இருக்கிறது. கவலை நியாயமானதே. அதனால்தான் அடைப்பு வேலை அத்தனை முக்கியம் என்கிறேன்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் செல்களைச் சோதித்த அறையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு டெக்னீஷியன். ஈரப்பத சென்சார் பிசகுவதை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். இல்லையென்றால் என் அளவீடு முழுக்கக் குப்பை. கட்டுரையில் அவர் பெயரை ஆசிரியராகச் சேர்க்கக் கேட்டேன். நன்றி வரியில் போட்டால் போதும் என்றார்கள். ஒருநாள்கூட லேபுக்கு வராதவர்களின் பெயர் மேலே இருந்தது. இன்றும் ஆறவில்லை.

போகலாமா என்றால், போங்கள். சேருமுன் அந்த லேபை நேரில் போய்ப் பாருங்கள். மூலையில் சோதனை அறை ஓடிக்கொண்டிருக்கிறதா, இறந்த செல்களை டப்பாவில் தேதி எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியே அங்கிருக்கும் டெக்னீஷியனிடம் பத்து நிமிடம் பேசுங்கள்.